மூன்று அருள் நிறைந்த மரியே

"மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போம்மா" என்று தார்சியுஸ் சாமியார் அபராதம் கொடுத்து, கையைத் தூக்கிப் பாவமன்னிப்பு மந்திரத்தைச் சொல்லி முடித்து, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுப் போகும் சத்தமும் அடங்கிய பிறகுதான், அவள் என்ன பாவம் சொன்னாள் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. கடல் என்றாள். தாங்க முடியாது என்றாள். அது இரண்டும்தான் காதில் ஒட்டிக்கொண்டிருந்தன, மற்றதெல்லாம் வெடிச்சத்தத்தில் போய்விட்டது. அவள் வாயைத் திறந்த அதே நேரத்தில்தான் மைதானத்து மைக், பந்து நம்ம செல்ட்டன் கால்ல, ஒருத்தனத் தாண்டிட்டான், அடுத்தவனையும் தாண்டிட்டான் என்று தொண்டை கிழியக் கத்தியது. இவர் பாவம் கேட்கிற மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே வலது காலை நீட்டிப் பலகையில் ஓர் உதை விட்டார். ஊரே ஓவென்று எழும்பியது, சரவெடி வெடித்தது, கோயில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. கோல், கோல், மாதாவே கோல் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்த ஆசாமி வாயளவில் மட்டும் சாமியாராக இருந்து, மூணு அருள் நிறைந்த மரியே என்று சொல்லியிருக்கிறார். அந்தச் செபம் எதற்கு மூன்று தடவை? மீன் எடையில் ஏமாற்றியதற்கும் மூன்றுதான் கொடுப்பார், பக்கத்து வீட்டுக்காரியைச் சபித்ததற்கும் மூன்றுதான். கடலில் விழப் போகிறேன், தாங்க முடியாது என்று ஒருத்தி சொன்னால் அதற்கும் மூன்றா? அப்படிச் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருக்க மாட்டாள் என்று உனக்கெப்படித் தெரியும், நீதான் கோல் போட்டுக்கொண்டிருந்தாயே.

அடுத்த ஆள் வந்து முழங்காலிட்டாயிற்று. ரோஸ்மேரி, தலைச்சுமையாக மீன் விற்கிறவள், வாராவாரம் அதே பாவங்களை அதே வரிசையில் கொண்டுவருவாள். தண்ணிக் குழாயில சண்ட போட்டேன் சாமி, மருமகள வாயில வந்தபடி ஏசினேன் சாமி, பூசையில தூங்கிட்டேன் சாமி. அவர் ஒவ்வொரு சொல்லாகக் காதில் வாங்கினார், தேவைக்கு மேலேயே வாங்கினார், இதை ஒழுங்காகக் கேட்டுவிட்டால் முன்னால் கேட்காமல் விட்டது சரியாகிவிடும் என்பதுபோல. வியர்வை கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது. இந்தத் தொட்டிக்குள் ஒரு சின்ன மின்விசிறி இருந்தது, முன்னிருந்த சாமியார் மாட்டியது. ஆண்டவர் சிலுவையில் தொங்கும்போது எனக்கெதுக்கு விசிறி என்று இவர் வந்த வாரமே அதைக் கழற்றிப் பால்வாடிக்குக் கொடுத்துவிட்டார். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் வாங்கித்தந்த காரை வேண்டாம் என்றார், சைக்கிள் போதும். இரண்டு அங்கி, ஒரு கயிற்றுக்கட்டில், யார் வீட்டிலிருந்து குழம்பு வருகிறதோ அது. எளிமைச் சாமியார் என்று மறைமாவட்டமே சொல்லும், ஆயர்கூடத் தியானப் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டார், அதைக் கேட்டு இவர் தலையைக் குனிந்துகொண்டார், குனிந்த தலைக்குள் சந்தோஷம் குமிழியிட்டது. அந்த விசிறி மட்டும் இருந்திருந்தால் அதன் கடகடப்பில் மைதானம் கேட்டிருக்காது. எளிமை இப்படிக் காலை வாரிவிடும் என்று குருமடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாவற்றையும் விட்டேன் விட்டேன் என்று சொல்லிக்கொண்டு, விடாத ஒன்றை அங்கிக்குள் ஒளித்து வைத்திருந்தவன்தானே நீ. ஒளிக்கவும் இல்லை, ஊருக்கே தெரியும். ஊரின் ராயப்பர் டீம் தோற்றால் மறுநாள் காலைப் பூசையில் சாமியார் முகத்தைப் பார்க்க முடியாது, ஜெயித்தால் பிரசங்கம் சீக்கிரம் முடியும். இன்றைக்குச் சனிக்கிழமை, கீழத்துறைக்காரர்களோடு இறுதி ஆட்டம், ஆனாலும் மற்ற சனிக்கிழமை ஆட்டங்களைப் போலவே பாவசங்கீர்த்தனம் தவறாது, நான் தொட்டியில்தான் இருப்பேன் என்று போன ஞாயிறு பீடத்திலிருந்து அறிவித்தபோது, பாருங்க எப்பேர்ப்பட்ட தியாகம் என்று ஊர் உச்சுக்கொட்டியது. உடம்பைக் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்துவிட்டுக் காதை அங்கே அனுப்பிவிட்ட தியாகம்.

"சாமி, அபராதம்?" என்று ரோஸ்மேரி கேட்டாள். மூன்று என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "மருமக கையால ஒரு காப்பி வாங்கிக் குடி, நல்லா இருக்குன்னு சொல்லு" என்றார். "அது ரொம்பப் பெரிய அபராதம்லா சாமி" என்று முனகிக்கொண்டே அவள் எழுந்தாள்.

கடல் என்றவள் எமல்டாதான், குரல் தெரியாமலா. எமல்டாவின் குரலை இந்த ஊரில் எந்த இருட்டிலும் கண்டுபிடித்துவிடலாம், அவ்வளவு கொஞ்சமாகப் பேசுகிறவள். கிளீட்டஸின் பெண்சாதி. கிளீட்டஸ் என்றால் ராயப்பன்துறையில் சின்னக் குழந்தைகூட வலது காலைத் தூக்கிக் காட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புயல் அறிவிப்பு வருவதற்குள் கடலுக்குப் போன வள்ளம், வள்ளத்தில் போன மற்ற இரண்டு பேரும் மூன்றாம் நாள் கரை சேர்ந்தார்கள், கிளீட்டஸ் மட்டும் சேரவில்லை. உடல் கிடைக்கவில்லை, அதனால் அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாததால் அவள் கைம்பெண்ணும் இல்லை. செத்தவனுக்குப் பூசை வைக்கட்டுமா என்று ஒரு தடவை இவர் கேட்டதற்கு ஊர்க்கமிட்டி கொதித்துவிட்டது. எங்கேயாவது ஒரு தீவில், ஏதாவது ஒரு நாட்டுச் சிறையில் இருப்பான், வருவான். அன்றைக்கு இவரே ஏற்படுத்திய வழக்கம்தான்: ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், டீம் வியர்வையோடு கோயிலுக்குள் வரும், ஊரும் பின்னாலேயே வரும், எமல்டாவை முன் வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள், இவர் மைக்கைப் பிடித்துக் கிளீட்டஸ் திரும்பி வர வேண்டுமென்று மன்றாடுவார், எல்லோரும் பதில் சொல்வார்கள். அந்தச் செபத்தில் நடிப்பில்லை. நோயாளிகளுக்காக, மழைக்காக, ஆயருக்காகச் சொல்கிற செபமெல்லாம் உதட்டோடு நின்றுவிடும், இது மட்டும் அடிவயிற்றிலிருந்து வரும். எமல்டா கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். எவ்வளவு விசுவாசமான பெண்சாதி என்று நினைத்துக்கொள்வார். அவள்தான் இப்போது வந்து கடல் என்றாள், தாங்க முடியாது என்றாள். புருஷன் இல்லாத வாழ்க்கை தாங்க முடியாது, அவர் போன கடலுக்கே நானும் போகிறேன் சாமி என்றுதான் சொல்லியிருப்பாள், வேறென்ன சொல்ல இருக்கிறது அவளுக்கு. நீ, மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் போம்மா என்று வழியனுப்பி வைத்திருக்கிறாய்.

ஒரு கிழவர் வந்து முழங்காலிடத் தடுமாறினார், மூச்சு வாங்கியது, பாவத்தை ஆரம்பிப்பதற்குள் ஒரு யுகம். மைக்கில் இடைவேளைப் பாட்டு ஓடியது. அந்தக் காலை, கிளீட்டஸின் வலது காலை, இவர் முதன்முதலில் பார்த்தது இந்த ஊருக்கு வந்த மறுநாள். மைதானத்துக் கோல் வலை ஓட்டையாகக் கிடந்ததைப் பார்த்து, பழைய மீன்வலையில் நல்ல பக்கமாக வெட்டிக் கட்டலாமே என்று இவர் சொல்லப்போக, ஒல்லியாக ஒருவன் வெறுங்காலோடு வந்து, வலைய நான் கட்டுதேன் சாமி, அது தாங்குதான்னு நீங்க பாருங்க என்றான். கட்டினான். பிறகு பாதி மைதானத்திலிருந்து ஓர் அடி, வலை பின்னால் போய் நின்று நடுங்கியது. குருமடத்தில் தட்டைப்பாதம் என்று பெஞ்சிலேயே உட்கார வைக்கப்பட்ட தார்சியுஸ், பந்து பொறுக்கிப்போட மட்டும் எழுந்த தார்சியுஸ், அன்றைக்கு முப்பது வயது குறைந்துபோனார். திருவிழாப் பிரசங்கத்தில் ஒரு தடவை சொல்லியும் விட்டார்: ஆண்டவர் சிலருக்குக் குரலைக் கொடுத்தார், சிலருக்குப் படிப்பைக் கொடுத்தார், நம்ம கிளீட்டசுக்கு அந்தக் காலைக் கொடுத்தார். கோயிலுக்குள் கைதட்டல். எமல்டா அன்றைக்குக் கைதட்டினாளா? ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது. அவள் கையில் கட்டுப் போட்டிருந்தாள், கெளுத்தி முள் குத்திச்சு சாமி என்றாள். கெளுத்தி முள் மணிக்கட்டிலா குத்தும். அந்த வருஷத்து அரையிறுதிக்கு முன்னால் ஒரு நாள் சாமியார் பங்களா வாசலில் வந்து நின்றாள், ஒரு காரியம் சொல்லணும் சாமி என்றாள். ஆட்டம் முடியட்டும்மா, அப்புறம் உட்கார்ந்து பேசுவோம் என்றார் இவர், சைக்கிளில் காற்றுப் பார்த்துக்கொண்டே. ஆட்டம் முடிந்தது, ஜெயித்தது, கிளீட்டஸைத் தோளில் தூக்கி வந்தார்கள், அவளும் பிறகு வரவில்லை, இவரும் கேட்கவில்லை. எத்தனை ஆட்டம் முடிந்துவிட்டது அதற்குப் பிறகு. கெளுத்தி முள். ஏதோ ஒன்று இதற்குள் இருக்கிறது, கை வைக்கப் போனால் மனம் சட்டென்று விலகி, செல்ட்டன் போட்ட கோலைப் போய்ப் பார்க்கிறது, இடது காலா வலது காலா என்று கேட்கிறது. சீ.

கிழவருக்கு மன்னிப்புக் கொடுத்து அனுப்பியதும் அடுத்த நிழல் வலைப்பக்கம் வந்தது. அவர் எழுந்துவிட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, கேட்டதாக முகத்தில் காட்டக்கூடக் கூடாது, பாவம் சொன்னவளிடமே போய் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, அவளாக எடுத்தாலொழிய. உயிரே போனாலும் இதுதான் சட்டம். கேட்காததற்கு என்ன சட்டம்? கேட்காமலே மன்னித்த மன்னிப்பு செல்லுமா? இதை ஆயரிடம் கேட்கலாம், திங்கட்கிழமை போனால் அவர் புத்தகத்தைப் புரட்டிச் சொல்வார், திங்கட்கிழமைக்குள் அலை ஓர் உடலைக் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். அடக்க முடியல, மேட்ச் பார்க்கப் போறாவ. அவர்கள் அப்படி நினைத்தது அவருக்கு நன்றாகவே கேட்டது, இன்றைக்கு முதன்முதலாகக் காது சரியாக வேலை செய்தது.

வெளியே வந்ததும் இடது கைப்பக்கம் மைதானம், ஆயிரம் முதுகுகள், எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. வலது கைப்பக்கம் கடல், ஒரு ஆள் இல்லை. ஊரே ஆட்டத்தில் இருக்கும்போது ஒருத்தி தண்ணீருக்குள் நடந்து போனால் யார் பார்ப்பார்கள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அவளும் யோசித்திருப்பாள். கரையில் ஏற்றிவைத்த வள்ளங்களுக்கு நடுவே ஓடினார், அங்கி காலைத் தடுத்தது, தட்டைப்பாதம் மணலில் புதைந்து புதைந்து எழுந்தது. அலை வந்தது, போனது. நீல நிறமாக ஏதோ மிதந்தபோது நின்றுவிட்டார், உற்றுப் பார்த்தால் கிழிந்த தார்ப்பாய். மைக், மறுபாதி ஆட்டம் ஆரம்பம் என்றது, கீழத்துறை கார்னர் என்றது. அந்த நிலையிலும், கார்னரா, ஐயோ, நம்ம கோல்கீப்பர் முதல் கம்பத்தை விட்டுவிடுவானே என்று மனம் ஒரு கணம் அங்கே போய்விட்டுத் திரும்பியது. தன்மேல் அப்படி ஓர் அருவருப்பு அவருக்கு அதுவரை வந்ததில்லை. ஆண்டவரே, ஜெயிக்க வேண்டாம், தோற்கட்டும், பத்து கோல் வாங்கட்டும், அவள் மட்டும் இருக்கட்டும்.

கரையின் இரு கோடியும் அலைந்து திரும்பினால், அவள் கோயிலின் பின்பக்கம் இருந்தாள், கடலைப் பார்த்த கற்சிலுவையின் அடியில், நிழலில் உட்கார்ந்து, செபமாலையைக் கையில் சுற்றியபடி. இவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து எழுந்து முந்தானையை இழுத்துவிட்டாள். என்ன சொல்வது. சட்டத்தை உடைக்காமல் என்ன சொல்ல முடியும். உண்மையைச் சொல்ல முடியும்.

"எமல்டா, நான் கேக்கலம்மா. நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. என் காது இங்க இல்ல. நீதான் என்னை மன்னிக்கணும்."

அவள் செபமாலையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பிறகு, "தெரியும் சாமி" என்றாள்.

"என்னது?"

"உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் அப்பச் சொன்னேன். செல்ட்டன் பந்த எடுத்துட்டான்னு மைக்குல சொன்னதுமே வாயத் தொறந்து வச்சிட்டு இருந்தேன். ஆண்டவருக்குக் கேட்டாப் போதும்லா." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். "நான் மட்டும் இல்ல சாமி. பெரிய பாவம் வச்சிருக்கவிய எல்லாரும் மேட்ச் அன்னைக்குத்தான் வருவாவ. ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அவர் சிலுவையின் படியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேர், எத்தனை ஆட்டம், எதையெல்லாம் இவர் கையைத் தூக்கி மன்னித்து அனுப்பியிருக்கிறார். இந்த ஊரில் என்னிடம் மறைக்கிறவர்கள் யாரும் இல்லை, பச்சைப்பிள்ளை மாதிரி வந்து கொட்டிவிடுகிறார்கள் என்று பெருமைப்பட்டவர். அழுகை வந்தது, அதை அடக்கவும் தோன்றவில்லை.

"இப்ப சொல்லு" என்றார். "உனக்கு இஷ்டம்னா சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவிய வந்துரக் கூடாதுன்னு தெனமும் வேண்டுதேன் சாமி. ரெண்டு வருசமா. கடலே வச்சுக்கோன்னு சொல்லுதேன். நீங்க எல்லாரும் மைக்குல வரணும் வரணும்னு கேக்கும்போது நான் கண்ண மூடிக்கிட்டு வரக் கூடாதுன்னு கேக்கேன். அதத் தாங்க முடியல. என்னைய முன்னால கொண்டு நிறுத்திட்டு ஊரே எனக்காகக் கேக்கும்போது நான் எதிராக் கேட்டுக்கிட்டு நிக்கேன்." பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பிரசங்கத்துல ஒரு நாள் சொன்னியள்ளா, ஆண்டவர் கொடுத்த காலுன்னு. அந்தக் காலுதான் சாமி. வயித்துல ரெண்டு பிள்ள அதுலதான் போச்சு. தோத்த அன்னைக்கு ஒண்ணு. ஜெயிச்ச அன்னைக்கு ஒண்ணு."

மைதானத்தில் ஏதோ பெரிய சத்தம் எழுந்தது. யாருக்கு, எதற்கு என்று அவர் கவனிக்கவில்லை. கெளுத்தி முள், கட்டுப்போட்ட கை, வாசலில் வந்து நின்ற நாள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் நின்றன, இந்த முறை மனம் விலகி ஓட இடமில்லை. அவர் கிளீட்டஸை நேசித்தார். இப்போதும்கூட, அந்தப் பாதி மைதானத்து அடியை நினைத்தால் நெஞ்சு விரிகிறது, அதுதான் கொடுமை.

"வந்தாவன்னா?" என்று மெல்லக் கேட்டார்.

"வந்தாவன்னா நான் இருக்க மாட்டேன் சாமி. அவிய இந்தக் கரையில ஏறும்போது நான் அந்தக் கரையில எறங்கிருவேன்." அதைக் குழம்புக்கு உப்புப் போட்டாயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னாள். "வராத வரைக்கும் ஒண்ணும் செய்ய மாட்டேன். பயப்படாதிய."

அவர் கையைத் தூக்கினார். பாவமன்னிப்பு மந்திரத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னார், ஒவ்வொரு சொல்லாக, அது இவ்வளவு நீளமானது என்பதே இப்போதுதான் தெரிந்ததுபோல. "அபராதம் உனக்கில்ல" என்றார். "நான் செஞ்சிக்கிடுதேன். கிளீட்டஸ் வரணும்னு கேக்குத அந்தச் செபத்த இன்னைக்குச் சொல்ல மாட்டேன். இனிமேலும் சொல்ல மாட்டேன்."

எமல்டாவின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம் சாமி, சொல்லுங்க. கால்ல விழுதேன். என்னைய முன்னால நிறுத்திட்டு நீங்க சொல்லாமப் போனா, ஏன் சொல்லலன்னு கேப்பாவ, நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்னு யோசிப்பாவ. எப்பவும் சொல்லுதமாதிரியே சொல்லுங்க. ஒரு வார்த்த குறையப்படாது." அவள் சொல்வதுதான் சட்டமும் சொல்கிறது. கேட்டதாகக் காட்டக்கூடக் கூடாது.

அதற்குள் தாரை தப்பட்டை கோயிலை நெருங்கிவிட்டது. ஜெயித்திருக்கிறார்கள். கோப்பையைப் பீடத்துப் படியில் கொண்டுவந்து வைத்தார்கள், செல்ட்டனின் கண்ணில் தண்ணீர், மைக்கை யாரோ இவர் கையில் திணித்தார்கள். சாமி முகத்தைப் பாருங்க, சந்தோசத்துல அழுதுட்டாவ என்று பின்னால் ஒருவன் சொன்னான். எமல்டாவைக் கையைப் பிடித்து முன் வரிசைக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள், அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் அமைதியானது. வியர்வையும் மண்ணும் மணக்கும் அத்தனை பேரும், நிசமான அன்போடு, நிசமான ஏக்கத்தோடு, இவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கடலையும் காற்றையும் அதட்டி அடக்கிய ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். "எங்கள் மகன் கிளீட்டஸை எங்கிருந்தாலும் காத்து, அவனுடைய கரைக்கும் அவனுடைய மனைவியிடமும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தருளும்." ஒரு வார்த்தை குறையவில்லை. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஊர் ஒரே குரலில் சொல்லியது, எமல்டாவும் சொன்னாள், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி. கேட்காதேயும் என்றார் தார்சியுஸ் சாமியார் உள்ளுக்குள், எந்த ஆட்டத்துக்கும் இப்படிக் கெஞ்சியதில்லை, கேட்காதேயும் ஆண்டவரே, இத்தனை பேர் சத்தமும் உமக்கு எட்ட வேண்டாம், இந்த ஒரு தடவை நீர் என்னைப் போல இரும்.